இஜ்ஜா கழற்றிய காப்பு

"இந்தக் காப்பு ஆயித் அத்தா குலத்துதுன்னு சொல்லிட்டுப் போயேன் இஜ்ஜா. உன் வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?" என்றார் கடைக்காரர் ஹம்மூ.

"அத்தாக்காரிங்க காப்புல முள்ளு நீட்டிக்கிட்டு நிக்கும். கையை ஓங்கினாலே நாய் ஓடிடும். இது தஃப்ராவுத் ஊரு வேலை. பச்சையும் மஞ்சளுமா எனாமல் இருக்கே, கண்ணு தெரியலையா?"

"அத்தாவுக்குத்தான் விலை கூட. வாங்க வர்றவனுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே."

ஹம்மூ என் பக்கம் திரும்பினார். "அவ சொல்றதையே எழுது. எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கா பாரு!"

திஸ்னித் வெள்ளிச் சந்தையில் பழைய நகைகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. அரபியில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி. அதே கடையில் நகைகளைத் தரம் பிரிக்கும், எழுத்தறியாத இஜ்ஜா சொல்லச் சொல்ல எழுதுவேன். ஊரைச் சொல்வாள், சில சமயம் இன்னார் வீட்டுக் காப்பு என்றும் சொல்வாள். எண்ணெய்க்காக ஆர்கான் கொட்டை அரைக்கும் திரிகையை வலக்கைதான் சுற்றும். அதனால் வலக்கைக் காப்பின் விளிம்பு மழுங்கியிருக்கும். தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பாள்.

எங்கள் பக்கம் காப்பை ஜோடியாகத்தான் அடிப்பார்கள். ஒற்றையாக வருவதை ஹம்மூ உருக்க அனுப்பிவிடுவார்.

இஜ்ஜாவின் கையிலும் ஒற்றைக் காப்புதான். அம்மா இறந்தபோது அவளும் தங்கை தாமுவும் ஜோடியைப் பிரித்துக்கொண்டார்கள். அத்தைமார் கத்தியும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர் ஊராகப் பழைய நகை வாங்கும் வியாபாரி கொட்டிவிட்டுப்போன மூட்டையில் விளிம்பு மழுங்கிய ஒற்றை ஒன்று கிடந்தது. அதில் தவளைக்கால் கோலம். மூன்றாவது விரல் மட்டும் கோணல். இஜ்ஜாவின் காப்பிலும் அதே விரல் கோணல்தான். அகாதிரில் வாழும் தாமு தன் கஷ்டத்தை யாரிடமும் சொன்னதில்லை.

"ஒத்தைதானே? உருக்கற பையில போடு" என்றார் ஹம்மூ.

விலை கொடுத்து மீட்க இஜ்ஜாவிடம் வழியில்லை. தன் காப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். மணிக்கட்டில் வெளுத்த வளையம் தெரிந்தது.

"ஜோடி. தஃப்ராவுத்."

ஹம்மூ இரண்டையும் பார்த்தார். "யார் வீட்டுதுன்னு சொல்லலையே?"

அவள் இரண்டையும் ஒரே நூலில் கட்டினாள். அவர் மேலே கேட்காமல் தேநீர் ஊற்றப் போனார். இஜ்ஜா என் பக்கம் குனிந்தாள்.

"ஊரை மட்டும் எழுதும்மா, வீட்டை எழுதாத. சந்தையில யாராவது கேட்டா, ரெண்டையும் வித்தது நான்தான்னு சொல்லிடு."