அக்காவின் முழுக்கைச் சட்டை

மாசி மாதத்தில் எவரும் வேலி அடைப்பதில்லை. புகையிலைக்கு இறைப்பு நடக்கிற காலம். கூலிக்கு ஆளும் கிடைக்காது, நல்ல ஓலையும் கிடைக்காது. ஆனால் 1965 மாசியில் என் அக்கா கனகாம்பிகை எங்கிருந்தோ ஆள் பிடித்து, பனையோலை எடுப்பித்து, எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த பொட்டை அடைத்தாள். ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு வேலியில் விட்டிருக்கும் வழிதான் பொட்டு. எங்கள் ஊர் கோப்பாயில் பெண்களின் உப்பும் புளியும் ஊர்க்கதையும் அதனூடாகத்தான் போய்வரும். அதை அடைப்பதென்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ என்னைக் காணாதவள்போல வேலிக்கு நட்ட கதியால் தடியை ஆட்டி ஆட்டி இறுக்கம் பார்த்தாள்.

"ஏனக்கா உதை அடைக்கிறாய்?"

"என்ரை வளவு, என்ரை வேலி. உன்னட்டைக் கேட்டோ அடைக்கவேணும்?"

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. காரணத்துக்கு எட்டு வயது, பெயர் பவளராணி.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அம்மா தன் காணியை எங்கள் இருவருக்கும் சீதனமாகப் பிரித்தபோது வீடு இருந்த பக்கம் அவளுக்கும், கிணறும் தோட்டமும் இருந்த தெற்குப் பக்கம் எனக்கும் வந்தது. அத்தான் சீவரத்தினம் அனுராதபுரத்தில் கிளாக்கர். மாதத்தில் ஒரு தடவை கோச்சியில் வந்து இரண்டு நாள் நின்று, மகளுக்கு இனிப்பும் பெண்சாதிக்குப் புத்திமதியும் கொடுத்துவிட்டுப் போவார். என்னவர் இராசநாயகம் தோட்டக்காரர். அக்கா கலியாணம் முடித்து ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, நல்லூர்க் கோயில் வீதியில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துப் பெற்ற ஒரே பிள்ளை பவளம். எனக்கு அடியழித்தும் பிறக்கவில்லை. அதை நான் மறந்தாலும் ஊர் மறக்கவிடாது.

பவளம் துடியாட்டக்காரி. இருந்த இடத்தில் இருக்கமாட்டாள். காலையில் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். பிட்டில் சம்பல் தொட்டுவிட்டது என்று அடுத்த நிமிடம் கோப்பை பறக்கும். தலை பின்னினால் அழுகை, பின்னாவிட்டால் அதற்கும் அழுகை. ஏதாவது ஒன்றில் லயித்திருக்கும்போது கூப்பிட்டுவிட்டால் போதும்: நிலத்தில் விழுந்து, காலால் உதைத்து, தலையைச் சுவரில் மோதுவாள். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து, "அம்மா, பசிக்குது" என்று வந்து நிற்பாள். பள்ளிக்கூட வாத்தியார் கொப்பியில் எழுதி அனுப்பினார்: "இருப்புக் கொள்ளாத பிள்ளை. வீட்டில் கண்டித்து வளர்க்கவும்." இதற்கு வைக்க எங்களிடம் நல்ல பெயர் ஒன்றும் இருக்கவில்லை. குழப்படி, பிடிவாதம், விசர், வளர்ப்புச் சரியில்லை, இவைதான் இருந்தன. கடைசியாகச் சொன்னது தாயின் தலையில் போய் விழும்.

என்னிடம் வந்தால் மட்டும் அந்தப் பிள்ளை வேறு பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் பொட்டுக்குள்ளால் ஓடிவருவாள். நாங்கள் புகையிலைக்கு இறைக்கும்போது தண்ணி மாறுகிற வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தோம். ஒரு பாத்தி நிரம்பியதும் வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பவேண்டும். ஒரு கணம் பிந்தினால் வரம்பு உடைத்துவிடும். பவளம் மண்வெட்டியும் கையுமாக ஓடி ஓடித் திருப்புவாள். ஒரு பாத்தி உடைந்ததில்லை. "ஆசையம்மா, அங்கை பாருங்கோ, நிரம்பீட்டுது!" என்று கத்துவாள். நான் ஒரு கோப்பை கஞ்சி கொடுப்பேன், குடித்துவிட்டு மறுபடி ஓடுவாள். பிள்ளை வளர்க்கத் தெரிந்தவள் நான்தான், அக்காவுக்குப் பொறுமை போதாது என்று எனக்குள் ஒரு பெருமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெருமை எனக்கு இனித்தது. ஒரு மணித்தியாலத் தாயாக இருப்பது எவருக்கும் இலேசு என்று அப்போது தோன்றவில்லை.

வேலி அடைத்த மறுநாள், ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி விஷயத்தை அவிழ்த்தாள். மனதில் ஒன்றையும் வைத்திருக்கத் தெரியாத மனுசி அவள்.

"பாலேஸ்வரி, உனக்குச் சொல்லாமல் இருக்கேலாது. கொக்கா கனகாம்பிகை அளவெட்டிப் பக்கம் போய்க் குறி சொல்லுறவரிட்டைக் கட்டுக் கேட்டவவாம். தெற்கு வளவிலை இருக்கிற மலடி ஒருத்தி பிள்ளைக்குச் சாப்பாட்டிலை வசியம் வைச்சுக் குடுக்கிறாள் எண்டு கட்டுச் சொல்லுறவர் சொல்லிப்போட்டாராம்."

"அக்கா நம்பீட்டாவோ?"

"நம்பாமல்? என்னோடை பேயாட்டம் ஆடுறவள் அவளோடை மட்டும் பசுக்கண்டு மாதிரி நிக்கிறாள், சும்மா நிப்பாளோ எண்டு கேக்கிறா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கஞ்சியில் வசியமா? ஒரு வயிற்றில் பிறந்தவளே என்னை வசியக்காரி என்று நம்பி ஓலை கட்டினால் மற்றவர்களைச் சொல்லி என்ன? அன்றிரவு நான் சாப்பிடவில்லை. என்னவர் மட்டும், "கோவத்திலை செய்யிறா, விடு" என்றார். தோட்டத்துக்குப் புழு வந்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

அதன்பிறகு சந்தேகப்படுவது என் முறை ஆனது. வேலிக்கு அப்பால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் கேட்கும். பவளம் கத்துவாள், ஊரே கேட்கக் கத்துவாள். திடீரென்று சத்தம் அப்படியே நின்றுவிடும். அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. எட்டு வயதுப் பிள்ளையின் வாயை இவள் என்ன செய்து அடைக்கிறாள்? ஒருநாள் ஒழுங்கையில் பவளத்தைக் கண்டேன். மணிக்கட்டைச் சுற்றி விரல் பதிந்த நீலம். "என்ன பிள்ளை உது?" என்றேன். "அம்மா பிடிச்சது" என்றுவிட்டு ஓடிவிட்டாள். பங்குனி வெயிலில் அக்கா முழுக்கைச் சட்டை போடத் தொடங்கினாள். கோயிலுக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான். எதையோ மறைக்கிறாள் என்று பட்டது. கட்டுச் சொல்லுகிறவர் கட்டிவிட்ட நூலோ, தகடோ என்று என் புத்தி ஓடியது. குணலட்சுமி ஒவ்வொரு நாளும் படலையில் நின்று, "ஏன் பிள்ளை கத்தினது?" என்று வெளிப்படையாகக் கேட்பாள். அக்கா கதவைச் சாத்துவாள்.

நான் வெளிப்படையாகக் கேட்கவில்லை. மொட்டைக் கடிதம் எழுதினேன்.

எங்கள் ஊரில் அது ஒன்றும் புதிய வித்தை அல்ல. எழுத்துப் பிடிபடாமல் இடக்கையால் எழுதினேன். "உமது மனைவி பிள்ளையை அடித்துச் சித்திரவதை செய்கிறா. வாயைப் பொத்திக் கட்டுகிறா. பிள்ளை பிழைக்கவேண்டுமானால் தாயிடமிருந்து பிரிக்கவும். இப்படிக்கு நலன்விரும்பி." கோப்பாய் முத்திரை விழக்கூடாது என்று பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்த் தபாலில் சேர்த்தேன். பிரித்தால் பிள்ளை என்னிடம்தான் வரும் என்று நினைத்தேன். பிள்ளைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், எனக்காகவும்தான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் பவளத்தின் கத்தல் எழுந்தது. அன்றைக்கு அது நிற்கிற கத்தல் அல்ல. என்னால் பொறுக்கமுடியவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று வேலியடிக்குப் போய் இரண்டு ஓலையை விலக்கி ஒற்றைக் கண்ணை வைத்தேன்.

அக்கா முற்றத்து மணலில் காலை நீட்டி இருந்தாள். பவளத்தைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் இருத்தி, பின்னாலிருந்து அணைத்து, இரண்டு மணிக்கட்டையும் பிடித்திருந்தாள். பிள்ளை உதைத்தது, துப்பியது, தலையைப் பின்னால் எறிந்து தாயின் நாடியில் மோதியது. அக்கா பிடியை விடவில்லை. பிடியை விட்டால் பிள்ளை சுவரில் மோதப் போய்விடும் என்று எனக்கே தெரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் போலும், சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பல் அடையாளம். பழையது மஞ்சளாக, புதியது இரத்தம் கசிய. பிள்ளை குனிந்து மறுபடியும் அந்தக் கையைக் கடித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள், கையை இழுக்கவில்லை.

மெல்ல மெல்லப் பிள்ளையின் உடம்பு தளர்ந்தது. சத்தம் நின்றது. நான் இரண்டு மாதமாகப் பயந்த அமைதி அதுதான்.

அப்போது பவளம் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, வேலியிலை ஒரு கண்!"

அக்கா எழும்பினாள். "ஆர்? பாலேசுவோ? அடைச்ச வேலிக்குள்ளாலையும் கண் வைக்கிறியோடி? என்ரை பிள்ளையை உருக்குலைச்சது காணாதோ?"

நான் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஓலையைப் பிய்த்தேன், கதியாலில் சேலை கிழிந்தது, உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"உதென்னக்கா கை? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"விடடி! வெளியாலை போ!"

அவள் இழுக்க, நான் விடாமல் பிடிக்க, இரண்டு பேரும் தள்ளாடினோம். "அம்மாவை விடு!" என்று ஒரு சத்தம். பவளம் பாய்ந்து என் முழங்கைக்குக் கீழே பல்லைப் பதித்தாள். எலும்பு வரைக்கும் போன மாதிரி இருந்தது. நான் கத்திக்கொண்டு மணலில் விழுந்தேன். என் ஆசைப் பிள்ளை, பசுக்கண்டு, என்னை முறைத்தபடி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அக்கா என் கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி என் கையைப் பார்த்தாள்.

"உன்னையும் கடிச்சுப்போட்டாள்" என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "வசியம் வைச்சவளைக் கடிப்பாளோடி? நான் என்ன விசர் வேலை பாத்தன்! என்னிலை மட்டும்தான் அவளுக்கு வெறுப்பெண்டு நினைச்சனடி, பாலேசு. தாயிலை வெறுப்பெண்டு நினைக்கிறதைவிட ஆரோ செய்வினை செய்தவை எண்டு நினைக்கிறது சுகமாய் இருந்தது."

இரண்டு பேரும் மணலில் இருந்து அழுதோம். பவளம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

பிள்ளைக்குப் பிட்டும், பக்கத்தில் தொடாமல் சம்பலும் வைத்துக் கொடுத்தபின், அக்கா என் காயத்தை உப்புத் தண்ணீரால் கழுவினாள். பிறகு உள்ளே போய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்தாள்.

"இதைப் பார். ஆரோ கொத்தானுக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கினம். அவர் அதை எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் பிள்ளையின்ரை வாயைப் பொத்திக் கட்டுறனாம். சித்திரை லீவுக்கு வந்து பவளத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடப் போடிங்கிலை விடப்போறாராம். போடிங்கிலை உவளை ஆரடி பிடிச்சு வைச்சிருப்பினம்? சுவரிலை மண்டையை உடைப்பாள்."

என் எழுத்தை நானே வாசித்தேன். என்னிடம் வரும் என்று நினைத்த பிள்ளை போடிங்குக்குப் போகப் போகிறது.

"ஆராயிருக்கும்? குணலட்சுமிதானே? ஒவ்வொரு நாளும் படலையிலை நிண்டு விடுப்புக் கேக்கிறவள் அவள்தானே?"

தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். கை வலித்தது, அக்கா அதைத் தன் மடியில் வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இருக்கும் அக்கா" என்றேன்.

பொட்டு அன்றைக்கே திறந்தது. சித்திரையில் அத்தான் வந்தபோது நான்தான் முன்னால் நின்று கதைத்தேன். அக்காவின் கையையும் என் கையையும் காட்டினேன். "அக்கா ஒருநாளும் அடிக்கேல்லை அத்தான். என்ரை கண்ணாலை கண்டனான்" என்றேன். அவர் போடிங் கதையை விட்டார். அதன்பிறகு கத்தல் எழுந்தால் பொட்டுக்குள்ளால் போய் நான் பிடிப்பேன், அக்கா போய்க் கொஞ்சம் தேத்தண்ணி குடிப்பாள். கூப்பிடமுன் இரண்டு தரம் சொல்லிவைக்கவேண்டும், நடக்கவிட்டுத்தான் தலை பின்னவேண்டும், கோபத்தில் இருக்கும்போது நியாயம் கதைக்கக்கூடாது என்றெல்லாம் கடி வாங்கி வாங்கித்தான் படித்தோம். பவளம் பதினான்கு வயதில் கடிப்பதை விட்டாள். இன்றைக்குக் கொக்குவிலில் இரண்டு பிள்ளைகளின் தாய். கோபம் வந்தால் கிணற்றடிக்குப் போய் இருபது வாளி அள்ளிவிட்டு வருகிறாள்.

அக்கா குணலட்சுமியோடு கதைப்பதை அன்றோடு விட்டாள். குணலட்சுமி முதலில் ஏன் என்று கேட்டாள், பிறகு அழுதாள், பிறகு அவளும் விட்டுவிட்டாள். 1978இல் அவள் செத்தபோது ஒழுங்கை முழுவதும் செத்தவீட்டுக்குப் போனது. நான் சேலை மாற்றிக்கொண்டு நின்றேன். அக்கா பொட்டுக்குள்ளால் வந்தாள்.

"நீயும் போகாதை, பாலேசு. உன்ரை பிள்ளையைப் போடிங்குக்கு அனுப்பப் பாத்தவள்."

உன்ரை பிள்ளை என்று அக்கா எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் போகவில்லை.