மேஜை நிற்காத அறை

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நல்ல அறை கட்டினால், அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களுக்குக் கிடைக்காது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதை விட ஒழுங்காக நடக்கும். இதைப் புரிந்துகொள்ள மர்ஜானாவுக்கு இரண்டு ஸ்டேஷன்கள் தேவைப்பட்டன. மூன்றாவதில் அவள் விடுவதாக இல்லை.

மர்ஜானா, புனே நகரத்துப் போலீஸ் கட்டடங்களைக் கவனிக்கும் பிரிவில் ஜூனியர் இன்ஜினியர். புனேயின் கேம்ப் பகுதியில் லுங்கிக் கடை வைத்திருந்த மேலப்பாளையத்துத் தாவூதின் மகள். தாவூத், தெருமுனையில் போலீஸ் ஜீப் தெரிந்தாலே கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிற மனிதர். மகளுக்குப் போலீஸ் இலாகாவில் வேலை என்றதும் கொஞ்ச நாள் அதை வெளியே சொல்லவே இல்லை. "துப்பாக்கி தூக்குத வேல இல்ல வாப்பா, ஒழுகுத கூரைய அடைக்குத வேல" என்று அவள் விளக்கிய பிறகுதான் மனிதருக்குச் சோறு இறங்கியது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஸ்கூட்டியில் டேப்பையும் ரசமட்டத்தையும் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றுவாள். மற்றவர்களுக்கு ஒரு ஸ்டேஷன் என்றால் கொலை, கொள்ளை ஞாபகம் வரும். அவளுக்கு ஞாபகம் வருவது எந்தச் சுவர் வேர்க்கும், எந்தக் குழாய் அடைக்கும் என்பது. இன்ஸ்பெக்டர்களுக்கு மாற்றல் வரும், போவார்கள். ஒழுகலுக்கு மாற்றல் கிடையாது.

பழைய ஸ்டேஷன்களை நவீனமாக்கும் திட்டம் வந்தபோது அவளுடைய மேஜையில் வரைபடங்கள் குவிந்தன. கண்ணாடி முகப்பு, கேமரா அறை, புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி. நடுவில் ஒரே ஒரு வரி: பெண் காவலர்களுக்கு ஓய்வறை. மற்ற இன்ஜினியர்களுக்கு அது ஒரு வரி. மர்ஜானாவுக்குத் திட்டமே அந்த வரிதான்.

அவள் கண்ணால் பார்த்தவை அப்படி. ஸ்டேஷன் கொல்லையில், பறிமுதல் செய்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் இடத்தில், ஒருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடிக்க இன்னொருத்தி யூனிஃபார்ம் மாற்றுவாள். பந்தோபஸ்து நாளில் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கவே மாட்டார்கள். குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது? பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒருத்தி, வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து சுரந்த பாலைப் பிழிந்து சாக்கடையில் ஊற்றியதை மர்ஜானா ஒருநாள் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்.

முதல் அறையை நிம்கர் சௌக் ஸ்டேஷனில் கட்டினாள். ஆசை ஆசையாகக் கட்டினாள். பெரிய ஜன்னல், பளபளப்பான தரை, இரண்டு கட்டில், ஆளுயரக் கண்ணாடி. ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்தார்கள். மழைக்காலத்தில் ஒழுகல் பார்க்கப் போனவள் கதவைத் திறந்தால், உள்ளே சோபா, ஏசி, அப்போதைய இன்ஸ்பெக்டரின் பெயர்ப்பலகை. தற்காலிகம்தான் மேடம் என்றார்கள். அரசாங்கத்தில் தற்காலிகத்துக்கு ஆயுசு கெட்டி. எழுதிக் கேட்டாள். பெண் ஊழியர்களிடமிருந்து புகார் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அதிகாரி சாகேப் மேல் சாகேப்பிடமே புகார் கொடுக்க யாருக்குத் தலையில் இரண்டு கொம்பு முளைத்திருக்கிறது?

சரி, அழகாகக் கட்டினால்தானே கண் போடுகிறார்கள் என்று, அடுத்த ஸ்டேஷனில் கொல்லைப்புறமாக, சின்னதாக, மொட்டையாக ஓர் அறை கட்டினாள். அதில் பறிமுதல் குட்கா மூட்டைகள் குடியேறின. நல்ல அறை என்றால் சாகேப் வருவார், மோசமான அறை என்றால் மூட்டை வரும். பெண்கள் பழையபடி கொல்லைக்கே போனார்கள்.

மூன்றாவது, சிஞ்ச்பாக் ஸ்டேஷன். பழைய கல் கட்டடம். மர்ஜானா அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்து நின்றாள். பெயர் அஸ்வினி ஜக்தாப், கைக்குழந்தைக்காரி, லீவு முடிந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே மராத்தியில் கேட்டாள்: "மேடம், இந்த ரூம் எந்த சாகேப்புக்கு?"

கிண்டலாகக் கேட்டிருந்தால்கூட மர்ஜானா தாங்கியிருப்பாள். அஸ்வினி உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்தக் கேள்வி வீடு வரைக்கும் ஸ்கூட்டியில் கூடவே வந்தது.

வீட்டில் வேறு ரகளை. அவளுடைய கணவன் சாகிப், எம்.ஜி. ரோட்டுச் சந்தில் மொபைல் உறை விற்கிறவன். ரம்ஜான் சரக்கு அட்டைப் பெட்டிகளாக வந்து இறங்கி, வைக்க இடமில்லாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தான். கடைசியில் சமையலறை மூலையிலிருக்கும் மோரியில் கொண்டுபோய் வைத்தான். மோரி என்பது பழைய புனே வீடுகளில் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் இருக்கும் சின்னக் கட்டு. தரை சரிந்து ஒரு துவாரத்தில் போய் முடியும். பெட்டி அடுக்கு ஆடி, சாய்ந்து, அவன் காலிலேயே விழுந்தது.

"ஏ புள்ள, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூல உண்டா? எல்லாத்தையும் ஒவ்வொருத்தரும் புடிச்சிட்டிய. மிச்சம் கெடக்குறது இந்த மோரி ஒண்ணுதான். அதுலயும் ஒரு சாமான் நிக்க மாட்டேங்கு!"

மர்ஜானா கரண்டியைக் கீழே வைத்தாள். "திருப்பிச் சொல்லுங்க."

"என்னத்த?"

"மோரிய ஏன் யாரும் புடிக்கலன்னு."

"அதுல என்ன வைக்க முடியும்? படுக்க முடியுமா, மேஜ போட முடியுமா? தண்ணியும் சரிவுமா கெடக்கு" என்றான் காலைத் தடவியபடி. பெண்டாட்டி எதற்காகச் சிரிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

சிஞ்ச்பாக் அறையின் வரைபடம் மாறியது. தரை நான்கு பக்கமிருந்தும் சரிந்து நடுவிலுள்ள வடிகாலில் சேரும். சுவர் முழுக்கக் கூரை வரை வெள்ளை டைல். ஒரு பக்கம் கழிப்பறை, குளியலறை. இரண்டு சுவரோரமாகக் கைகழுவும் தொட்டிகள். மீதிச் சுவரோரம் தரையிலிருந்து உயர்த்திய அகலமான கான்கிரீட் திண்டு. ஈரம் அண்டாது, ஆள் நீட்டிப் படுக்கலாம். ஆனால் பெயர்த்து எடுக்க முடியாது. ஜன்னல் கிடையாது, உயரத்தில் காற்றுப் போக்கி மட்டும். ஏசிக்கு மின்இணைப்பு? அந்தப் பேச்சே இல்லை.

அவளுடைய மேலதிகாரி சுந்தரராமன், புனே ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர். பக்கத்து மேஜைக்குக் கேட்கக் கூடாது என்றால் மட்டும் தமிழுக்கு மாறுவார். வரைபடத்தைப் பார்த்ததும் மாறினார்.

"என்னம்மா இது? ரெஸ்ட் ரூமா, கல்யாண மண்டபத்துல கை அலம்பற இடமா?"

"ரெஸ்ட் ரூம்தான் சார்."

"தரை ஏன் நடுவுல குழியறது?"

"தண்ணி போகணும்ல சார்."

"தண்ணி மட்டும்தான் போகணுமா, இல்ல வேற யாராவதும் போகணுமா?"

மர்ஜானா சுருண்ட வரைபடத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பெரிய தைரியசாலி இல்லை. ரிட்டயர்மென்ட் பக்கத்தில் இருந்தது. "நான் கேக்கல, நீ சொல்லல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மர்ஜானாவுக்கு அந்த மனிதரை அன்றைக்கு மிகவும் பிடித்துப்போனது.

திறப்பு விழாவில் உடைத்த தேங்காயின் தண்ணீர் ஓடிப்போய் வடிகாலில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் பாங்காரே அதைக் கவனித்தார். நல்ல மனிதர்தான். அதட்டமாட்டார், லஞ்சப் பேச்சு கிடையாது. அவருக்கு ஒரே குறை, பார்க்க வரும் பெரிய மனிதர்களை உட்கார வைக்க இடமில்லை. மறுவாரமே இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒரு மேஜையைத் தூக்கிவந்து அந்த அறையின் நடுவில் போட்டார்கள். மேஜை ஆடியது. காலுக்கு அட்டை மடித்து வைத்தார்கள், இன்னொரு கால் தூக்கியது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாங்காரே உட்கார்ந்தார். நாற்காலி அவரை ஏற்றிக்கொண்டு நேராக வடிகாலுக்குப் போயிற்று. எழுத்தர் ஒருவர் வெளியே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாக அஸ்வினி பிறகு சொன்னாள். மேஜை திரும்பிப் போனது. அப்பாடா என்று மர்ஜானா நினைத்தாள்.

இன்ஜினியர்களின் அசட்டுத்தனம் அதுதான். கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். கட்டிய எதையும் இன்னொரு கொத்தனாரால் மாற்ற முடியும்.

பிள்ளையாரைக் கரைக்கும் கணபதி விசர்ஜன் ஊர்வலம் விடிய விடிய நடந்து முடிந்த அன்று காலை, கொத்தனார் மனோஜிடமிருந்து போன் வந்தது. சரிந்த தரையைப் போட்டவனே அவன்தான். "மேடம், சிஞ்ச்பாக்ல நிக்கிறேன். அந்தத் தரையை மட்டமாக்கணுமாம். மணல், டைல் எல்லாம் வந்தாச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தான். பந்தோபஸ்து களைப்பில் ஸ்டேஷன் தூங்கி வழியும், சத்தமில்லாமல் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது பாங்காரேயின் கணக்கு.

மர்ஜானா டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். ஊர்வலத்தில் இறைத்த குலால் வண்ணப்பொடி அப்பிய ரோட்டில் ஸ்கூட்டி வழுக்கியது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தாள். வேலைக்கு உத்தரவு எங்கே என்று கேட்கலாம். மேலே எழுதுவேன் என்று மிரட்டலாம். எழுதினால் என்ன பதில் வரும் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்த வாசலைவிட்டு நகர்வதில்லை, கொத்தனார் தன்னைத் தாண்டித்தான் உள்ளே போகட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

ஸ்டேஷன் கொல்லையில் மணல் மூட்டை. மனோஜ் கரணையோடு குந்தியிருந்தான். பாங்காரே ராத்திரி முழுக்கக் கண் விழித்த சிவப்புக் கண்களோடு அறைக்கதவு முன்னால் நின்றிருந்தார்.

"மேடம், கோபப்படாதீங்க. தரையைத்தான் சரி பண்றோம். அறை அவங்களுக்குத்தான் இருக்கும். எப்பவாவது வி.ஐ.பி. வந்தா மட்டும்..." என்றார் ஹிந்தியில்.

"அது ஒழுங்கான தரை சாகேப். சரிபண்ண ஒன்றும் இல்லை" என்று அவளும் ஹிந்தியில் சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பையை முன்னால் பிடித்துக்கொண்டாள்.

பாங்காரே பெருமூச்சு விட்டார். அவளுக்குப் பக்கவாட்டில் கையை நீட்டிக் கதவைத் தட்டினார். உள்ளிருந்து அஸ்வினியின் குரல் வந்தது.

"ஆள் இருக்கு சார்."

சத்தமாக இல்லை, பணிவு குறையவும் இல்லை. அவ்வளவுதான், வேறு வார்த்தை இல்லை. பின்னாலேயே தண்ணீர் கொட்டும் சத்தமும், யாரோ இரண்டு பேர் பேசும் சத்தமும் கேட்டன. விசர்ஜனிலிருந்து திரும்பிய பெண்கள், வீட்டுக்குப் போக நெடுந்தூரம் பஸ் ஏற வேண்டியவர்கள், குலாலைக் கழுவிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அஸ்வினிக்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பால் கட்டிப்போன மார்பு.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் பாங்காரே.

"இருக்கு சார்" என்றது வேறொரு குரல்.

அவர் காத்திருந்தார். கதவு திறந்து இரண்டு பேர் ஈரத்தலையோடு வந்து சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். மூன்று பேர் உள்ளே போனார்கள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அவர் மறுபடி தட்டினார். மறுபடி அதே பதில். ஒருத்தியும் புகார் சொல்லவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பெண்கள் உள்ளே இருக்கும் அறைக்கதவை எந்த இன்ஸ்பெக்டரால் தள்ள முடியும்? நல்ல மனிதர் வேறு. கொஞ்ச நேரத்தில் அவருடைய முகத்தில் கோபம் போய் என்னவோ ஒரு கூச்சம் வந்தது. எத்தனை பேர் இங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தவர் மாதிரி இருந்தது.

"மணலை எடுத்துட்டுப் போ" என்று மனோஜிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

தான் ஒருத்தியே நின்று காப்பாற்றப்போவதாக நினைத்து வந்தவள் மர்ஜானா. சரிவு போட்டது அவளுடைய சாமர்த்தியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சரிவு வாங்கிக்கொடுத்தது கொஞ்ச காலம். அந்தக் கொஞ்ச காலத்தில் அறைக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. விடிந்ததும் ஓடிவந்தவள், வெளியே வேலை பார்க்கும் எல்லாப் பெண்களையும் போல, அதை மறந்தே போயிருந்தாள். இனி அடக்க முடியாது. கதவைத் தட்டினாள்.

"ஆள் இருக்கு!" என்றார்கள் உள்ளே.

"நான்தான், மர்ஜானா."

"இருங்க மேடம், உங்களுக்கு முன்னால இன்னும் ரெண்டு பேர்" என்றாள் அஸ்வினி.

மர்ஜானா தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.