சட்டைப் பையில் கோழி இறகு

புடவை டிசைன் போடுவதற்காக என் கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கி மாட்டியிருந்தேன். குமாரபாளையத்தில் மூன்று பக்கமும் விசைத்தறி ஓடும் வீடு எங்களுடையது. தறிப் பஞ்சு அடைத்துத்தான் சூடாகிறது என்று நினைத்து அதன் பெட்டியில் நான்கு ஃபேன் மாட்டினேன். அப்படியும் மத்தியானமானால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

எங்கள் சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட ஒருவர் வந்தார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளுக்குப் பெரிய ஃபேன் மாட்டுகிறவர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோழி இறகு. எந்த ஃபேனைக் கண்டாலும் இறகை அதன் முன்னால் பிடித்துப் பார்ப்பார்.

என் கம்ப்யூட்டரிலும் பிடித்தார். நான்கு ஃபேனிலும் இறகு போய் ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, நாலும் காத்தை உள்ளதான் இழுக்குது. சூடு எப்புடிங்க வெளிய போகும்?"

"இது கோழிப்பண்ணை இல்லீங்க" என்றேன்.

"கோழியா இருந்தா இந்நேரம் செத்துருக்குமுங்க."

சிரிக்காமல் சொல்லிவிட்டு, பின்பக்கத்து ஃபேன் இரண்டையும் கழற்றித் திருப்பி மாட்டினார். அன்றிலிருந்து அது அணையவே இல்லை.

"எங்கூட்டுக்காரரு ஒரு மாசமா இதோட மல்லுக்கட்டுனாருங்க" என்று சொல்லி, என் மனைவி அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நன்றிகூடச் சொல்லவில்லை.

போன வாரம் நண்பர் ஒருவர், தன் கம்ப்யூட்டர் சூடாகிறது என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து கோழி இறகை எடுத்தேன்.

"அட, இதை எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"நானா யோசிச்சதுங்க" என்றேன்.

கம்ப்யூட்டரை இன்னும் போடவே இல்லை. ஆனாலும் என் கையில் இறகு ஆடியது.