முப்பது எண்ணும் வரை தொங்குவேன்

வீட்டில் புல்-அப் எடுக்கக் கம்பி மாட்டிக் கொடுப்பது என் தொழில். இதில் சுவரைத் தட்டிப் பார்ப்பது சுலபம், வீட்டில் இருப்பவர்களைத் தட்டிப் பார்ப்பதுதான் கஷ்டம்.

ஆன்லைனில் மலிவாக ஒரு கம்பி வாங்கி, கதவு நிலைக்கு நடுவே முறுக்கி மாட்டி, இரண்டாம் நாளே அதோடு கீழே வந்து உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கூச்சப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். என் வீட்டுக்காரருக்கு வாங்கிய கம்பி அது. தாங்குமா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று நான்தான் முதலில் தொங்கினேன். அவர் ஓடி வந்து என்னைத் தூக்குவதற்கு முன்னால் கதவு நிலையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அந்தக் கோபத்தில் மறுநாளே நானே ஒன்று செய்தேன்.

அப்போது இன்டீரியர் வேலைகளுக்கு சூப்பர்வைசராக இருந்தேன். சைட்டில் மிச்சமான பைப், தெரிந்த வெல்டர், என் கையில் டிரில். கரூரிலிருந்து தெலுங்கு பேசும் ஊருக்கு வந்து குஷாய்குடாவில் குடியிருக்கும் ஒருத்தி கம்பி மாட்டுகிறாள் என்று தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி, இப்போது இதுவே முழுநேர வேலை. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கனமான ரகத்தில் ஒரு இஞ்ச் ஜிஐ பைப், இரண்டு இரும்புத் தாங்கி, எட்டு போல்ட். அதற்கு மேல் யாராவது எதையாவது விற்றால் அது வெறும் பெயின்ட். மாட்டி முடித்ததும் முப்பது எண்ணும் வரை நானே அதில் தொங்குவேன். என் எடை எழுபத்து நான்கு கிலோ. கியாரண்டி கார்டு என்று தனியாக எதுவும் கிடையாது.

ஆறு வயதுக் கேள்வி

கொண்டாப்பூரில் பிரபு என்று திண்டுக்கல்காரர், ஐடி வேலை. படுக்கையறைச் சுவரில் மாட்டினேன். நல்ல செங்கல் சுவர்; துளை போட்டபோது கொட்டிய தூள் மிளகாய்ப்பொடிபோல் சிவப்பாக இருந்தது. வழக்கம்போல் தொங்கினேன். வழக்கம்போல் வீட்டிலிருந்த ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு பெண் கம்பியில் தொங்கும்போது எங்கே பார்ப்பது என்று இந்த ஊரில் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

அவருடைய மகள் ஆதிரா மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஆறு வயது. வீட்டில் பேசும் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "ஆன்ட்டி மேல ஏறிக் காட்டுவாங்க பாரு" என்று பிரபு அவளிடம் சொல்லிவிட்டார். ஏழு வருஷமாகக் கம்பி மாட்டுகிறேன். ஏறச் சொல்லி யாரும் கேட்டதில்லை, நானும் முயன்றதில்லை. முழங்கை லேசாக மடங்கியது. அவ்வளவுதான். ஒன்றுகூட வராதா என்று அந்தக் குழந்தை நிஜமான வருத்தத்தோடு தெலுங்கில் கேட்டது: "ஆன்ட்டி, மீகு ஒக்கட்டி கூடா ராதா?"

வெள்ளைத் தூள்

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவமானமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து போல்ட்களை முறுக்கிப் பார்க்க ஒவ்வொரு வீட்டுக்கும் போவது என் வழக்கம். அங்கே போகும் அன்று, தாடை கம்பியைத் தாண்டுகிற மாதிரி ஒரே ஒரு புல்-அப், அந்தக் குழந்தை முன்னால் எடுத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அதுவரை வேலையில் மட்டும் யாரும் என்னை மடக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு மறுவாரமே கார்த்திக் என்று ஒருவர் மடக்கப் பார்த்தார். வாடகை ஃபிளாட், பால்கனிச் சுவர். ஒரு துளை போட்டதும் வெள்ளையாக மாவு கொட்டியது. லைட் வெயிட் கல், போல்ட் பிடிக்காது. இங்கே வேண்டாம், தரையில் நிற்கிற ஸ்டாண்ட் செய்து தருகிறேன் என்றேன். ஸ்டாண்ட் இடத்தை அடைக்கும், தன் எடை வெறும் அறுபத்திரண்டு கிலோதான் என்று அவர் வாதாடினார். நீங்கள் சும்மா தொங்கினால் அறுபத்திரண்டு, உதறி ஏறினால் சுவருக்கு அது வேறு கணக்கு என்று சொல்லிவிட்டு, போட்ட துளையைப் பூசி அடைத்துக் கிளம்பினேன்.

வேறு யாரையோ வைத்து அதே இடத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஃபோன் வந்தது. நல்லவேளை, விழுந்தது மெத்தை மேல். முன்ஜாக்கிரதையாகக் கீழே போட்டிருந்தாராம். குரல் மட்டும் ரொம்பப் பணிவாக இருந்தது: "மேடம், செவுத்துல பெரிய ஓட்டை விழுந்துடுச்சு, நாளைக்கு ஓனர் வர்றார், அதை மறைக்கிற உயரத்துல அந்த ஸ்டாண்ட் கிடைக்குமா?"

காத்துக்கு ஒட்டினது

ஒற்றைப் புல்-அப்புக்கு என்ன வழி என்று விசாரித்தேன். ஸ்டூல் மேல் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இறங்கக் கற்ற கைதான் ஏறுமாம். கூடவே கம்பியில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி அதில் முழங்காலை வைத்தால் பாதி எடையை அது தாங்கும். அதற்குக் கடையில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நேரே பஞ்சர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் யூசுஃப் பாய், வேலூர். குஷாய்குடாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. பழைய டியூப் வேண்டும் என்றதும், "கைக்கு அம்மா? சைக்கிள் எங்கே?" என்றார். எதற்கு என்பதற்கு அவர் உருதுவில் 'கைக்கு'. விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் எடுத்த டியூபைப் பிடுங்கி வீசினார். குவியலில் தேடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, வேறொன்றைக் கொடுத்தார். இதுவரை எனக்குக் கிடைத்த உபகரண ஆலோசனைகளிலேயே சிறந்தது அவர் சொன்னதுதான்: "பஞ்சர் போட்டது நக்கோ அம்மா, வேண்டாம், அது காத்துக்கு ஒட்டினது, ஆளுக்கு ஒட்டினதில்லை."

சாமி அறை நிலை

இந்தக் காலத்து ஃபிளாட்களில் எல்லாக் கதவு நிலையும் உள்ளே ஒன்றுமில்லாத பொய் நிலை. பூஜை அறைக்கு மட்டும் எப்படியாவது தேக்கு போட்டுவிடுவார்கள். போலாரத்தில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சுந்தரம் சார் வீட்டிலும் அப்படித்தான். பிரபு வீட்டில் மாட்டிய அதே வாரம் அங்கேயும் போய் முழு வீட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு, தாங்கும் இடம் அது ஒன்றுதான் என்றேன். அவர் மனைவி விஜயா அக்கா கையில் பூக்கூடையோடு வாசலை மறித்து நின்றுவிட்டார். அரைமணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஆனது. நிலையின் இரு பக்கமும் கிண்ணம் மாதிரி இரண்டு தாங்கி; கம்பியைத் தேவைப்படும்போது வைத்து எடுத்துவிட வேண்டும். குளித்துவிட்டுத்தான் தொங்க வேண்டும். சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது.

ஆறு மாத சர்வீசுக்குப் போனபோது சார் எட்டு எடுத்தார், விளக்குக்கு நேராக, நெற்றியில் விபூதியோடு. எனக்கு அப்போதும் மூக்கு வரைதான் வந்திருந்தது; பொறாமையாக இருந்தது. அக்கா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இருபத்திரண்டு வருஷமா சாமி கும்பிட வாங்கன்னு கூப்பிட்டேன், வரலை, இப்ப ஒரு நாளைக்கு எட்டு தடவை மூஞ்சியைக் காட்டிட்டு இறங்குறார்."

கொண்டாப்பூர் சர்வீஸ்

அந்த வாரமே ஆதிரா வீட்டின் முறையும் வந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம். வீட்டில் டியூப் இல்லாமல் ஒருமுறைகூட மூக்கைத் தாண்டியதில்லை. ஆனால் சொன்ன தேதிக்குப் போகாத பழக்கம் எனக்கு இல்லை.

கம்பியில் பிரபுவின் இஸ்திரி போட்ட சட்டைகள் ஒன்பது தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அசடு வழிந்தபடி கழற்றினார். போல்ட்களை முறுக்கினேன், ஒன்றும் அசையவில்லை. தொங்கினேன். ஆதிரா கட்டில் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது எண்ணிக் குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்காமல் இழுத்தேன். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. அங்கே வழக்கம்போல் நின்றது. ஆதிரா வாயைத் திறந்தபடி தானும் கழுத்தை மேலே எக்கினாள். எப்படி என்று தெரியவில்லை, தாடை கம்பிக்கு மேலே போய்விட்டது. சுவரின் மேல் மூலையில் ஒட்டடை தெரிந்தது. அந்த ஒட்டடையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கியதும் அவள் கை தட்டுவாள் என்று நினைத்தேன். தட்டவில்லை. கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஒன்பது சட்டைகளையும் தோளில் போட்டபடி நின்ற அப்பாவின் பக்கம் திரும்பினாள். அதே வருத்தத்தோடு கேட்டாள்: "டாடி, நீகு ஒக்கட்டி கூடா ராதா?"

கம்பி தாங்கும் என்பதற்கு நான் பொறுப்பு. அதில் சட்டை தொங்குமா ஆள் தொங்குவாரா என்பதற்கு, எட்டு போல்ட்டோடு சேர்த்து வீட்டில் கேள்வி கேட்க ஒரு ஆறு வயதும் வேண்டியிருக்கிறது.