சங்கரியின் வெள்ளிக் கொக்கி

பிள்ளையார்பாளையத்தில் வீட்டு வாசலில் மெஷின் போட்டுப் பை ரிப்பேர் பார்க்கும் அம்சா, வாயைத் திறப்பது அபூர்வம். பாதி நேரம் வாயில் ஊசி இருக்கும் என்பது ஒரு காரணம். பள்ளிக்கூடத்தையும் வாய்க்குப் பயந்துதான் விட்டாள். எட்டாவதில் வாத்தியார் அவளை எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து அவள் போகவேயில்லை. வாய் செய்யாத வேலையைக் கண் செய்தது. பையைக் கவிழ்த்தால் போதும், ஆளைத் தெரிந்துகொள்வாள். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய எத்தனையோ பேரின் பையிலிருந்து பிரியாணிக் கடைப் பல்குச்சி உதிர்ந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது சங்கரியின் கைப்பை. சங்கரி தறிக்கார வேலாயுதத்தின் மனைவி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். நாத்தனார் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு மாட்டிக்கொண்டு போக வேண்டிய பை. தொங்கிப்போன கொக்கியைக் குறடால் நிமிர்த்தி, புது ரிவிட் அடித்ததோடு வேலை முடிந்தது. அம்சாவின் கை சும்மா இருக்கவில்லை. காலையில் குத்துவிளக்கு தேய்த்த புளியும் செங்கல் தூளும் மிச்சம் இருந்தன. தங்க நிறம் மங்கிக் கறுத்திருந்த கொக்கியையும் ஒரு தேய் தேய்த்தாள்.

தங்க நிறம் மொத்தமும் புளியோடு போனது. அடியில் வெளேரென்று என்னவோ எட்டிப் பார்த்தது.

அம்சா கொக்கியை முந்தானையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். சங்கரி கத்தினால் பக்கத்து ஊர் ஐயம்பேட்டை வரை கேட்கும். அப்புறம் இந்தத் தெருவில் ஒருத்தியும் அவளிடம் பை கொண்டுவர மாட்டாள்.

"இன்னா அம்சா, முடிஞ்சுதா?" சங்கரி வந்தே விட்டாள்.

"புளி போட்டுத் தேச்சேன்கா. தங்கக் கலரு போயிடுச்சி. என் தப்புதான்."

அந்த மாதத்திலேயே அம்சா பேசிய நீளமான பேச்சு அது.

சங்கரி கொக்கியை வெயிலில் பிடித்தாள். சேலைச் சரிகையைப் பார்ப்பதுபோல நகத்தால் சுரண்டினாள்.

"ஏம்மா, இது வெள்ளியாச்சே."

"வெள்ளி இல்லக்கா. மட்டமான தகரம்."

"நீ சும்மா இரு. பொறந்ததுலேர்ந்து சரிகை பாத்துக்கினு இருக்கறேன். சரிகையும் இப்பிடித்தான், மேல தங்கம், உள்ள வெள்ளி. இது அசலு." சட்டென்று கண்ணைச் சுருக்கினாள். "தகரம்னு சொல்லி நீ கழட்டிக்கலாம்னு பாக்கறியா?"

அம்சா ஊசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"பைச் சங்கிலியையும் இதே மாரி தேச்சுக் குடு. நாத்தனா பாக்கட்டும்."

நாத்தனார் பெரியநாயகி பார்த்திருக்கிறாள். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே அவள் தன் பையோடு வந்து நின்றாள்.

"என்னுதும் வெள்ளிதானான்னு பாரும்மா."

அம்சா ஊசியை வெளியே எடுத்தாள். "இல்லக்கா. தகரம்."

"அப்படித்தான் சொல்லுவேன்னு சங்கரி சொன்னா" என்ற பெரியநாயகி, பைக்குள் கைவிட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்த புளி உருண்டையை மெஷின்மேல் வைத்தாள்.