கல்வட்டத்தில் நான் தூவிய அரிசி மாவு

ஒரு கைப்பிடி அரிசி மாவால் ஊருக்குப் புதுசாக ஒரு சாமியை உண்டாக்கிய மடையன் நான்.

போன வருஷம் பங்குனி. நான் சுவரில் படம் வரைகிறவன். திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சுவருக்குப் புதுமாதிரியாக ஏதாவது வேண்டும் என்றார்கள். முக்கூடலைத் தாண்டி உடைமரக் காட்டுக்குள் ஒரு கல்வட்டம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஆதிகாலத்து ஆட்களைப் புதைத்த இடம் என்பார்கள். அதில் ஒரு கல்லில் கைகோத்து ஆடும் மனிதர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கோடு தேய்ந்து கண்ணுக்கே தெரியவில்லை. மூளையைக் கசக்கி, அரிசி மாவைத் தூவித் தேய்த்தேன். பளிச்சென்று எழுந்து ஆடினார்கள். போட்டோ எடுத்தேன். மாவை எறும்பு பார்த்துக்கொள்ளும் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் விட்டுப்போன ஒரு கோட்டைப் பார்க்கப் போனால், கல்லுக்குச் சிவப்புத் துண்டு, குங்குமம், எரியும் விளக்கு. சுற்றிலும் ஊர்ச்சனம். கல்லில் சாமி வெள்ளையாகத் தானே எழுந்துவிட்டதாம். கொத்தனார் ஒருவர் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். கல்லை வழவழவென்று பூசிப் பீடம் கட்டப் போகிறார்களாம்.

வாயைத் திறக்காவிட்டால் கோடு போய்விடும். திறந்தால் நான் போய்விடுவேன். கொத்தனார் கலவையை அள்ளியதும்தான் எப்படியோ சொன்னேன்: "அந்த மாவு நான் போட்டது. படம் வரையதுக்கு."

கூட்டத்தில் ஒரு அம்மா, அங்கே முதன்முதலில் விளக்கேற்றியவராம், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பம் கோடும் நீங்க போட்டதா?"

"இல்லம்மா. அது ஆதியிலேயே உள்ளது. பூசிட்டா போயிரும்."

கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கொத்தனார் பக்கம் திரும்பினார். "பூச வேண்டாம். மூஞ்சிய மூடிப்போட்டு யாரைக் கும்பிடுதது?"

கொத்தனாருக்குத்தான் ஆத்திரம். "கொழச்ச கலவைய உம்ம தலையிலயா வே பூச?" என்றார். அதற்கும் தயாராகத்தான் நின்றேன். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் உடைந்து கிடந்த திண்டைப் பூசினார்கள். கலவைச் சட்டி சுமந்தது நான்.

துண்டும் விளக்கும் இன்றும் இருக்கின்றன. கோடும் இருக்கிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்து நான் மண்டபத்தில் வரைந்ததுதான் சீக்கிரமே உதிர ஆரம்பித்தது. அதைச் சரிசெய்யப் போன அன்று, ஒரு கல்யாணத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். ஆசையாகப் பக்கத்தில் போய் நின்றேன். சுவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"கல்லுல உள்ளவங்கதான் ஆடுதாங்க அண்ணாச்சி. இவங்க போட்டோவுக்கு நிக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.