அப்பா ஊன்றிய நடுவரிசைகள்

அப்பா கண்மூடியபோது அம்மாவும் தங்கையும் நானும் பக்கத்தில் இருந்தோம். காரியத்துக்கு ஆம்பூரிலிருந்து சித்தி மட்டும் ரயிலில் வந்தார். அப்பாவின் ஒரே தம்பியான சித்தப்பா வரவில்லை. வந்தவர்கள் கேட்டார்கள், ஏதோ சொல்லிச் சமாளித்தோம். வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

விரிஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த அப்பா, மீசை முளைக்கும் முன்பே ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். பின்னால் தம்பியும் இறங்கினார். கால் வெந்து சம்பாதித்த கூலியில் இருவரும் பாலாற்றங்கரையில் ஓர் ஏக்கர் வாங்கி, ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டார்கள். அந்த மண்ணில் ஒரு சாண் வெறுமனே கிடந்தாலும் அப்பாவுக்குப் பொறுக்காது.

விவசாய யோசனை சொல்ல வரும் கிராம சேவக் சொன்னபடி சித்தப்பா தம் பாதியில் மக்காச்சோளம் போட்டார். இரண்டடிக்கு ஒரு வரிசை, சாணுக்கு ஒரு விதை. "இது வெளஞ்சா இனிமே குழிக்குப் போவ மாட்டேண்ணா" என்று வேலையையும் விட்டார். விதைத்த கையோடு மஞ்சள் காமாலை வந்து மாமியார் வீட்டில் படுத்துவிட்டார். தம்பிக்கு நல்லது செய்வதாக எண்ணி, அப்பா ஒவ்வோர் இடைவெளியிலும் இன்னொரு வரிசை ஊன்றினார்.

"வேணும்னுதான வுட்டு வெச்சிருக்காரு? ஒங்களுக்கு இன்னாத்துக்கு?" என்று அம்மா தடுத்தார்.

"துட்டு குடுத்து வாங்குன நெலத்துல காத்தையா பயிர் வெப்பான்?" என்றார் அப்பா.

சித்தப்பா உடம்பு தேறி வந்தபோது பயிர் தலைக்கு மேல் நின்றது. உள்ளே வெயில் இறங்கவில்லை. தண்டெல்லாம் விரல் பருமன்.

"இன்னாண்ணா, பயிர் வெச்சியா, தட்டி கட்டுனியா?"

"ரெண்டு பங்கா வெளையுமேன்னு போட்டேண்டா."

"வெளையும். மாட்டுக்கு வெளையும்."

காற்றில் பாதி சாய்ந்தது. நின்றவற்றின் கதிர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி பிடித்திருந்தது. சித்தப்பா நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஆம்பூருக்கே போனார், அதே குழிக்கு. பேச்சு நின்றது.

மறு வருஷம் அப்பா தம் பாதியில் இரண்டடி விட்டு விதைத்தார். கதிர்கள் கை கொள்ளாமல் விளைந்தன. ஒரு கூடை நிறைய ஆம்பூருக்குக் கொண்டுபோனார். சித்தி வாங்கிக்கொண்டார், சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

"கதிரு நல்லா இருந்துது. அதான் அவனுக்கு ஜாஸ்தி கோவம்" என்றார் அப்பா. பிறகு அவர் அங்கே போகவே இல்லை.

கடைசி நாட்களில் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன பக்கத்து நிலத்து பாய்க்கும், அப்பாவைச் சுமந்த தோல் ஷாப் நண்பர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

நடுவரிசைகளுக்கு அப்பா ஊன்றியது இரண்டு படி விதை. போனது ஒரு போகம், அரை ஏக்கர் நிலம், கூடப்பிறந்த தம்பி.